இல்லாத விரலின் வலி

ஓசூர் சிப்காட்டில் தொடங்கி சூளகிரி, பர்கூர் வரை பரவியிருக்கும் தொழில் வட்டாரத்தில், பெயர் தெரிந்த பெரிய ஆலைகள் சில. அவற்றுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் பல. அந்தப் பட்டறைகளின் உயிர்நாடி பவர் பிரஸ். தகட்டை டையின் நடுவில் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். மேல் டை இறங்கித் தகட்டை வெட்டும் அல்லது வளைக்கும். பீஸை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த தகடு. இரண்டு கைக்கும் தனித்தனிப் பட்டன் இருந்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் அடிக்கும் என்று அமைத்துவிட்டால் கை உள்ளே மாட்ட வழியில்லை. குறுக்கே கை வந்தால் நின்றுவிடும் சென்சாரும் உண்டு. கால் பெடல் மட்டுமே உள்ள மெஷினில், ஷிப்டு முடியும் நேரத்து அசதியில், கால் ஒரு நொடி முந்திவிட்டால் விரல் போய்விடும். புண் ஆறுகிறது, தையல் பிரிக்கிறார்கள், வேலைக்குத் திரும்புகிறவர் திரும்புகிறார். ஆனால் போன விரல் சிலருக்குப் போவதில்லை. அது அங்கேயே இருக்கிறது, மடங்குகிறது, அரிக்கிறது, எரிகிறது. விரல் இல்லை, வலி இருக்கிறது. இந்த வலி எங்கே இருக்கிறது, யாருடையது, இதை எதைக் கொண்டு உண்மை என்று ஏற்பது? சமயவாதிகளும் உலகாயதரும் நூற்றாண்டுக் கணக்காக வாதாடிய கேள்வியை இது நேராகத் தொடுகிறது.

இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். 1951இல் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் 1978இல் முனைவர் பட்டம் பெற்று, 1983இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் உளவியல் துறையில் சேர்ந்தார். முதல் பல ஆண்டுகள் அவருடைய ஆய்வு பார்வையைப் பற்றியது: கண் பெறும் அரைகுறைத் தகவலிலிருந்து மூளை எப்படி ஒரு முழு உலகைக் கட்டுகிறது என்பது. நோயாளிகளிடம் அவர் திரும்பியபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. உலகை மூளை கட்டுகிறது என்றால், உடலையும் அதுதான் கட்டுகிறதா? பிற்காலத்தில் அவர் சொன்ன சில கோட்பாடுகள், முக்கியமாக பிறர் செயலைப் பார்க்கும்போதும் இயங்கும் கண்ணாடி நியூரான்களின் குறைபாடே ஆட்டிசத்துக்குக் காரணம் என்றது, சோதனைகளில் நிலைக்கவில்லை. கை கால் இழந்தவர்களிடம் அவர் செய்த வேலையின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. அவர் படித்த ஸ்டான்லியிலேயே டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. வெட்டுண்ட கையை மீட்கும் வேலையும், மீட்க முடியாத கையைப் புரிந்துகொள்ளும் வேலையும் ஒரே கல்லூரியின் பெயரோடு சேர்ந்திருக்கின்றன.

அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கை இழந்த ஓர் இளைஞனின் கண்ணை மூடி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் தொடுவது தெரிகிறது, இல்லாத கையின் கட்டைவிரலிலும் தொடுவது தெரிகிறது என்றான் அவன். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். உடம்பின் தொடு உணர்வு மூளைப் புறணியில் ஒரு வரைபடமாகப் பதிந்திருப்பதை வைல்டர் பென்ஃபீல்டு 1930களிலேயே காட்டியிருந்தார். அதில் கைக்குப் பக்கத்து இடம் முகத்துடையது. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும் முகத்தின் நரம்புச் செய்தி அந்த இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று ராமச்சந்திரன் 1992இல் எழுதினார். அடுத்து வந்தது கண்ணாடிப் பெட்டி. மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப் பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடி முன்பு நுழைத்தால், போன கை இருந்த இடத்தில் ஒரு கை தெரியும். நல்ல கையை விரித்தால் அதுவும் விரியும். பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்த அந்த இல்லாத கை, அதாவது மாயக்கை, விரிவதைச் சிலர் அந்த நொடியிலேயே உணர்ந்தார்கள். பத்தாண்டுகளாக மாயக்கையோடு வாழ்ந்த ஒருவர் மூன்று வாரம் வீட்டில் இதைச் செய்தபின் கை மறைந்து, விரல்கள் மட்டும் தோளில் ஒட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். 1996இல் இது முறையான ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

இனி தத்துவத்துக்கு வருவோம். 1797இல் டெனெரீஃப் தீவுச் சண்டையில் வலக்கையை இழந்த ஆங்கிலேயத் தளபதி நெல்சன், இல்லாத விரல்கள் உள்ளங்கையில் குத்துவதை உணர்ந்து, ஆன்மா உண்டு என்பதற்கு இதுவே சான்று என்று கருதியதாகச் சொல்வார்கள். கை அழிந்தும் கை உணர்வு நிலைக்கிறதென்றால், உடல் முழுதும் அழிந்தும் உணர்பவன் நிலைக்கலாமே என்பது அவர் வாதம். நம்முடைய மரபில் இதைவிட நுட்பமான வாதம் ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்தி மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்று, உடலை ‘எனது’ என்று உரிமை கொண்டாடும் ஒன்று உடலுக்கு வேறாகத்தானே இருக்க வேண்டும் என்பது. என் வீடு, என் ஊர் என்பதைப் போலத்தான் என் கை என்பதும். உடையவனும் உடைமையும் ஒன்றாக முடியாது. மேடைகளில் இன்றும் இந்த வாதம் மாயக்கையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது, அறிவியலே ஆன்மாவை நிரூபித்துவிட்டது என்ற முழக்கத்தோடு. அந்த முழக்கம் நிற்காது. மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கியவர்களில் சிலர், தம் இடக்கையைக் காட்டி இது என் கை இல்லை, வேறு யாருடையதோ என்று உறுதியாகச் சொல்கிறார்கள். 1998இல் மேத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன் இருவரும் செய்த சோதனையில், கண்ணுக்கு முன் ஒரு ரப்பர் கையையும், மறைவில் இருக்கும் சொந்தக் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், நலமாக உள்ள மனிதருக்கே ரப்பர் கை தன்னுடையதாகத் தோன்றியது. இல்லாத கை எனது. இருக்கும் கை எனதில்லை. ரப்பர் கை எனது. ‘எனது’ என்ற உணர்வு இவ்வளவு எளிதாக ஏறி இறங்குமானால், அதை வைத்து உடையவன் ஒருவனை உடலுக்கு வெளியே நிறுத்த முடியாது. மெய்கண்டாரின் மற்ற காரணங்கள் தனியே ஆராயத் தக்கவை. இந்த ஒன்றுக்கு மாயக்கை துணை வராது.

அப்படியானால் ஆன்மா இல்லை என்று ஆகிவிட்டதா? மூளையைத் தொட்டால் ‘நான்’ மாறுகிறது, ஆகவே நான் என்பதே மூளைதான் என்பது எதிர்த்தரப்பின் வேகம். அவர்களுக்கும் சான்று இருக்கிறது. 2002இல் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் ஒரு வலிப்பு நோயாளியின் மூளையில் ஓரிடத்தை மின்னால் தூண்டியபோது, தன் உடலை மேலிருந்து பார்ப்பதாக அவர் உணர்ந்தார். ஆனால் இந்தச் சான்றால் சாய்கிற ஆன்மா, உடலைவிட்டுத் தானே சுற்றித் திரியும் ஆன்மாதான். சைவ சித்தாந்தம் சொல்லும் உயிர் அப்படிப்பட்டதல்ல. கருவி கரணங்களோடு கூடினால்தான் அது எதையும் அறியும். அவை இல்லாதபோது ஆணவ இருளில் கிடக்கும். கருவியில் பழுது வந்தால் அறிவில் பழுது வரும் என்பது அவர்கள் கொள்கைக்குள்ளேயே இருக்கிறது. மூளைச் சேதத்தைக் கேட்டு சித்தாந்தி அதிர வேண்டியதில்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: எந்தச் சோதனை முடிவு வந்தாலும் கலங்காத கொள்கை, எந்தச் சோதனை முடிவையும் தனக்குச் சாட்சியாக அழைக்க உரிமையில்லாதது. உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் மாயக்கை தீர்ப்பு எழுதித் தரவில்லை. அந்த வழக்கில் அது சாட்சியே அல்ல.

வேறொரு வழக்கில் அது மிக வலுவான சாட்சி. அதற்கு வருமுன், ராமச்சந்திரன் தாமே எடுத்த முடிவு ஒன்றோடு மாறுபட வேண்டியிருக்கிறது. சான்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து 1998இல் அவர் வெளியிட்ட மாயக்கை பற்றிய நூலில், உலகிலிருந்து தனித்து நிற்கும் ‘நான்’ ஒரு மாயை என்று இந்தியாவில் சிறு வயதில் கற்றதை நினைவுகூர்ந்து, இத்தனை ஆண்டு நரம்பியல் ஆய்வுக்குப் பின் அதில் மிகுந்த உண்மை இருப்பதாக எழுதுகிறார். மேற்கத்திய வாசகருக்கு இது இந்தியாவின் ஒரே குரலாகக் கேட்டிருக்கும். இது அத்வைதத்தின் குரல். அதையும் அவசரமாகக் கேட்டது. உடல் வடிவம் மூளை கட்டிய சித்திரம் என்பது ஒரு செய்தி. அந்தச் சித்திரத்தில் வலிக்கிறவன் பொய் என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. இல்லாத விரலின் நகம் இல்லாத உள்ளங்கையைக் கீறுகிறது என்று ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கையில், நகம் மாயை, உள்ளங்கை மாயை, ஆனால் விழித்திருப்பது மாயையன்று. எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவது அந்தத் துன்பம் ஒன்றே. மாயக்கை கற்றுத் தருவது, எது பொய்யானாலும் வலி பொய்யாகாது என்பதை.

இதற்குத் தமிழ்ச் சிந்தனையில் ஒரு பெயரே இருக்கிறது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆராயும்போது காட்சியை நான்காகப் பிரிக்கிறார்: புலன்வழி வரும் இந்திரியக் காட்சி, மனத்தால் வரும் மானதக் காட்சி, இன்ப துன்பத்தை உயிர் நேரே அறியும் தன்வேதனைக் காட்சி, யோகத்தால் வரும் காட்சி. இவற்றில் மூன்றாவதை அவர் தனி வகையாக நிறுத்தியது தற்செயலல்ல. வலியை நாம் கண்ணால் காண்பதில்லை, காயத்தைப் பார்த்து ஊகிப்பதுமில்லை. வலிக்கிறது என்பதே அறிவு. அதற்குப் பின்னால் வேறொரு சான்று தேவையில்லை. மாயக்கை இதைச் சோதனைக் குழாய்க்குள் வைத்ததுபோலத் தனியே பிரித்துக் காட்டிவிட்டது. சாதாரண வலியில் காயமும் வலியும் சேர்ந்தே இருப்பதால், காயம்தான் வலியின் ஆதாரம் என்று நினைத்துவிடுகிறோம். மாயக்கையில் காயம்பட்ட உறுப்பே இல்லை, வலி மட்டும் நிற்கிறது. நோயாளியின் சொல்லைத் தவிர வேறெந்தச் சான்றும் இல்லாத இடத்தில், அந்தச் சொல்லை நம்பி பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்தார் ராமச்சந்திரன். எழுதியது மாயையைப் பற்றியென்றாலும், படுக்கையருகே அவர் நடந்துகொண்டது சித்தாந்தியைப் போல.

இங்கே கனமான மறுப்பு ஒன்று, அவருடைய ஆய்விலிருந்தே எழுகிறது. பக்கவாதத்தால் இடப்பக்கம் அசையாத சிலர், தமக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இடக்கையால் மருத்துவரின் மூக்கைத் தொடச் சொன்னால், இதோ தொட்டுக்கொண்டிருக்கிறேனே என்கிறார்கள். கை மடியில் கிடக்கிறது. இவர்களைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றி ஒருவர் சொல்வது இவ்வளவு தவறாக இருக்க முடியுமென்றால், வலிக்கிறது என்ற சொல்லை மட்டும் எப்படிச் சான்றாக ஏற்பது? சித்தியாரின் பகுப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. கை அசைகிறது என்பது உலகில் நடக்கும் ஒன்றைப் பற்றிய கூற்று. அருகில் இருப்பவர் பார்த்து மறுக்கலாம். நோயாளி பிழைபட்டிருப்பது இந்திரியக் காட்சியில். வலிக்கிறது என்பதை அப்படிப் பார்த்து மறுக்க அருகில் யாருக்கும் வழியில்லை. வலியின் இடத்தைப் பற்றி ஒருவர் தவறலாம். இல்லாத விரலில் வலிக்கிறது என்பவர் தவறுவது இடத்தில்தான். காரணத்தைப் பற்றியும் தவறலாம். வெட்டுண்ட இடத்து நரம்பு முனை முடிச்சிட்டு வலிக்கலாம், அதை அவர் விரல் வலி என்று எண்ணலாம். அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை, சிகிச்சையும் வேறு. இடமும் காரணமும் சோதிக்கத் தக்கவை. வலிக்கிறது என்பது சோதனை தொடங்கும் இடம்.

அறிவியலே இன்னும் முடிவுக்கு வரவில்லையே என்பது அடுத்த மறுப்பு. நியாயமானது. முகத்தின் செய்தி கையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வலி என்ற விளக்கத்தை, தமார் மாக்கின் குழுவினர் 2013 முதல் கேள்விக்குள்ளாக்கி வருகிறார்கள். மாயவலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் போன கையின் இடம் அழியாமல் அப்படியே இருப்பதை அவர்கள் கண்டார்கள். கை அகற்றப்படுமுன்னும் பின்னும் அதே மனிதர்களின் மூளையைப் படம்பிடித்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. அதிலும் கையின் வரைபடம் பெரிதும் மாறவில்லை. கண்ணாடி சிகிச்சைக்கு 2007இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைச் சோதனை நல்ல ஆதரவு தந்தது: கால் இழந்தவர்களில் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது, மூடிய கண்ணாடி வைத்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. ஆனால் எண்ணிக்கை சிறியது. பிறகு வந்த சில தொகுப்பாய்வுகள், சான்று போதாது என்று சொல்கின்றன. இரு கையும் இழந்தவருக்கு அது பயன்படவும் செய்யாது. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் என்ன குறைகிறது? விளக்கம் மாறுகிறது, சிகிச்சையின் அளவு மாறுகிறது. விளக்க வேண்டிய பொருள், அதாவது இல்லாத உறுப்பில் வலி, எந்த முகாமாலும் மறுக்கப்படவில்லை. சொல்லப்போனால் புதிய ஆய்வு நம் கருத்தைக் கூர்மையாக்குகிறது: கை போன பிறகும் மூளை கையை விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு அலுவலக மேசையில் எழுவது. சொல்லை நம்பினால் இழப்பீட்டுக்காக எல்லோரும் வலிக்கிறது என்பார்கள். இந்தப் பயத்தில் வகுத்ததைப் போலவே இருக்கிறது நம் கணக்கு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. எலும்பு எந்தக் கணுவரை போயிற்று என்பது வரை அளந்து வைத்திருந்தார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவின் மதிப்பீடும் இதே அளவுகோலில் வந்தது. அந்த உறுப்பிழப்புப் பட்டியலில் வலிக்கு ஒரு வரி இருந்ததில்லை. எலும்பை எக்ஸ்-ரேயில் பார்க்கலாம், வலியைப் பார்க்க முடியாது என்பதுதான் காரணமென்றால், அது அளப்பவரின் வசதி. பட்டவரின் இழப்பு அல்ல. ஏமாற்றுகிறவர் இருப்பார்தான். தலைவலி என்று பொய் சொல்கிறவரும் இருக்கிறார். அதற்காகத் தலைவலிக்கு மருந்து கொடுப்பதை எந்த மருத்துவமனையும் நிறுத்திவிடவில்லை. மேலும், இங்கே முதலில் கேட்பது பணமல்ல, சிகிச்சை.

பாதிக்கப்பட்டவரின் காதில் அதிகம் விழும் சொல் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எல்லாம் வினை’ என்று ஆறுதல் சொல்கிறார்கள். வினைக் கொள்கையை நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் இரட்டைப் பட்டன் வைக்காத மெஷினுக்கும், கழற்றி வைத்த சென்சாருக்கும் முற்பிறவியைப் பொறுப்பாக்குவது சமயமாகாது. இயங்கும் எந்திரத்துக்குக் காப்பு வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொல்லிவிட்டது. வினை பேசுகிறவர்கள் அதன் மறுபாதியையும் பேச வேண்டும்: பிறருக்கு வரும் துன்பத்தைத் தடுக்க முடிந்தும் தடுக்காதது வினையில் சேராதா? ஓசூர் அருகே தோரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, இந்த மண்ணிலிருந்து போய்க் கீதையையும் உபநிடதங்களையும் எளிய நடையில் எழுதியவர். உடல் நிலையற்றது என்ற போதனையை, அடுத்தவன் உடலைக் காக்காமல் விடுவதற்கான அனுமதியாக வாசிக்க அந்த நூல்களிலும் இடமில்லை.

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் அதே ஓசூர் சாலையில் இருக்கிறது நாட்டின் முதன்மையான மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். அறிவு வெகுதூரத்தில் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் எல்லை தாண்டிப் போக வேண்டியதில்லை. தொடக்கத்தை உள்ளூரிலேயே செய்யலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும், விரலோ கையோ இழந்து வரும் ஒவ்வொருவரிடமும் தையல் பிரிக்கும் நாளிலும், மூன்று மாதம் கழித்தும், போன விரல் வலிக்கிறதா என்று கேளுங்கள். சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று அவர் தாமாகச் சொல்லமாட்டார். ஆம் என்றால் அதைச் சீட்டில் எழுதுங்கள். நரம்பு முடிச்சா, மாயவலியா என்று பாருங்கள். இது பலருக்கும் வருவது, மனக்கோளாறு அல்ல என்று அவர் வீட்டாரையும் வைத்துச் சொல்லுங்கள். பிசியோதெரபி அறையில் ஓர் அட்டைப் பெட்டியும், கடைத்தெருவில் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் இருக்கட்டும்.